இருபத்திரெண்டும் பத்தொன்பதும்

அத்தியாயம் பதினான்கு

ஜெகதாம்பாள் உள்ளறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட இடத்தில் போன வாரம் நாம் கள்ளிக்குப்பத்தை விட்டு வந்தோம். அதற்குள் நீங்கள் எத்தனையோ பஸ் பிடித்திருப்பீர்கள், எத்தனையோ வேளை சாப்பிட்டிருப்பீர்கள். அந்த வீட்டில் மட்டும் இன்னும் அதே காலைதான். கதவும் திறக்கவில்லை.

புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்கு ஒரு சுருக்கம் சொல்லிவிடுகிறேன். அண்ணன் மனைவி ஒருத்தி, தம்பி மனைவி ஒருத்தி, இருவரும் ஒரே கூரையின் கீழ். அண்ணனும் தம்பியும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகிவிட்டன. மூத்தவள் ஜெகதாம்பாளுக்கு ஒரே பிள்ளை, இராமகிருஷ்ணன். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் வேலை. இளையவள் சுசீலாவுக்குப் பிள்ளை இல்லை. இராமகிருஷ்ணன் பெண்டாட்டி வரலட்சுமி இப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி.

இரண்டு பெரியவர்களுக்கும் கண்ணில் புரை. அதில் சுசீலாவுக்குப் போன மாதம் ஆபரேஷன் ஆகி, அவள் இப்போது தெருக்கோடியில் வரும் பஸ்ஸின் நம்பரைப் படித்துச் சொல்கிறாள். ஜெகதாம்பாளின் வலது கண்ணோ முற்றிப்போய் வெள்ளையாகவே தெரிகிறது. இனியும் தள்ளிப்போட்டால் உள்ளே உடைந்து அழுத்தம் ஏறும், அப்புறம் ஆபரேஷன் செய்தாலும் பார்வை வராது என்று டாக்டரம்மா வஹீதுன்னிசா கறாராகச் சொல்லிவிட்டார். இன்று மதியத்துக்குள் கரையான்சாவடி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நேற்று அங்கே கண்ணை அளவெடுத்துக்கொண்டு வந்தவள், இன்று காலை குளித்து முடித்துப் புடவை மாற்றிக்கொண்டு, "எனக்கு ஆபரேசனும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஏன் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பயம் என்று இராமகிருஷ்ணன் நினைத்தான். வீம்பு என்று சுசீலா சொன்னாள். எனக்குத் தெரியும், அது பொறாமை. சுத்தமான, கலப்படமில்லாத பொறாமை. அறுபது வயதில் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். இருபதில் பட்டதெல்லாம் என்ன பொறாமை, அறுபதில் படுவதுதான் பொறாமை.

அதற்கு வேர் பழையது. புருஷன் போனதும் ஜெகதாம்பாள் எஸ்டேட்டில் ஒரு மருந்து கம்பெனிக்கு அட்டைப்பெட்டி ஒட்டப் போனாள். விடிவதற்குள் கிளம்பி விளக்கு வைத்த பிறகு திரும்புவாள். பிள்ளைக்குச் சோறு ஊட்டினது, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனது, அம்மை போட்டபோது வேப்பிலையோடு பக்கத்தில் படுத்துக் கிடந்தது எல்லாம் சுசீலா. சம்பாதித்தவள் ஒருத்தி, கழுத்தைக் கட்டிக்கொண்டது இன்னொருத்தியை. இன்றைக்கும் பட்டறையிலிருந்து வந்தால் இராமகிருஷ்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்பது, "சின்னம்மா, இன்னா பண்ணி வெச்சிக்கீறே?" என்பதுதான். ஜெகதாம்பாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஆபரேஷன் தேதிகூட முதலில் அவளுக்குத்தான் கிடைத்தது. அந்த நேரம் பார்த்து அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. கண்ணில் தையல் போட்ட பிறகு இருமினால் தையல் தாங்காது, இருமல் நிற்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கிடைத்த தேதி வீணாவானேன் என்று அதில் சுசீலா போனாள். ஜெகதாம்பாளே "போயேன்" என்றுதான் சொன்னாள். வாய் சொல்லிவிட்டது, வயிறு அன்றைக்கு எரிய ஆரம்பித்ததுதான், இன்னும் அணையவில்லை.

சுசீலாவும் சும்மா இருந்தாளா? கறுப்புக் கண்ணாடியோடு ஆட்டோவில் வந்து இறங்கியதும் பாதித் தெருவைக் கூட்டிவிட்டாள். அந்தக் காலம் மாதிரி இல்லை, இப்போதெல்லாம் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்துத் தைத்துவிடுகிறார்கள், சோடாபுட்டிக் கண்ணாடி போட வேண்டியதில்லை என்று விளக்கம் வேறு. கடைசியில் முத்தாய்ப்பாக, "எனுக்கு வெச்சது இருபத்திரெண்டு" என்றாள். எதிர்வீட்டுத் துலுக்கானம், தங்கம்கூட இருபத்திரெண்டுதானே ஒசத்தி என்று கேட்டு வைத்தான். சுசீலா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு ஜெகதாம்பாளின் காதில் தங்கிவிட்டது. அப்புறம் ஒவ்வொரு நாளும் ஒரு குத்தல். பரண் மேல் இவ்வளவு ஒட்டடையா என்பாள் சுசீலா. வெங்காயத்தாள் இத்தனை பச்சையா என்பாள். ஒருநாள், "அக்கா, இந்தப் பொடவை இம்மாம் வெளுத்துப் போச்சா? நான் நல்லா கீதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தப் புடவையை ஜெகதாம்பாள் மறுபடி கட்டவில்லை.

நேற்று அளவெடுக்கும் அறையில் என்ன நடந்தது என்றால், ஒரு பெண் ஜெகதாம்பாளின் கண்ணில் மருந்து விட்டு, பேனா மாதிரி ஒன்றை அதன்மேல் மெல்ல வைத்து, டிவிப் பெட்டி மாதிரி இருந்ததில் பார்த்தாள். பிறகு மேஜைப் பக்கம் திரும்பி, "பத்தொன்பது எழுதிக்க" என்றாள்.

அவ்வளவுதான். ஓரகத்திக்கு இருபத்திரெண்டு. பெற்றவளுக்குப் பத்தொன்பது.

கதவுக்கு வெளியே இராமகிருஷ்ணன் கெஞ்சிப் பார்த்தான், கோபித்துப் பார்த்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் வரலட்சுமிதான் அவனை வாசலுக்கு அனுப்பிவிட்டு, கதவோரம் மெல்ல உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். மாமியாரிடம் பேச வேண்டிய இடத்தில் ஊசி மாதிரி நுழைவாள் அந்தப் பெண். மருமகள் தரையில் உட்கார்ந்து எழ முடியாமல் எழுவதை நினைத்தோ என்னவோ, தாழ்ப்பாள் திறந்தது.

"ஒன்னும் இல்லம்மா. எனுக்குப் பத்தொன்பதே போதும்னு உம் புருசன் முடிவு பண்ணிட்டான். அந்தப் பத்தொன்பது இல்லாமலே நான் இருந்துட்டுப் போறேன்" என்றாள் ஜெகதாம்பாள்.

வரலட்சுமிக்கு அரை நிமிஷம் பிடித்தது புரிய. புரிந்ததும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

இராமகிருஷ்ணன் பேச்சுக்காரன் இல்லை. பேசியிருந்தால் சொதப்பியிருப்பான். மொபெட்டின் பக்கப் பையைத் திறந்து ஒரு ஸ்பேனரை எடுத்தான். ஒரு முனை பத்தொன்பது, மறுமுனை இருபத்திரெண்டு. அம்மாவின் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் அடிபம்புக்குக் கூட்டிப் போனான். அதன் போல்ட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னான். பிறகு ஸ்பேனரை அவள் கையில் கொடுத்தான்.

"இது இருபத்திரெண்டு. மாட்டித் திருப்பு."

அவள் மாட்டினாள். ஸ்பேனர் லொடலொடவென்று ஆடியது. திருப்பினால் போல்ட் அசையாமல் ஸ்பேனர் மட்டும் வழுக்கிக்கொண்டு போனது.

"இப்ப அந்தாண்ட மொனைய மாட்டு. அது பத்தொன்பது."

அது கப்பென்று உட்கார்ந்தது. அட்டைப்பெட்டி ஒட்டிக் காய்த்த கை அது, ஒரு பொருள் இடத்தில் பொருந்துவதும் பொருந்தாததும் அதற்குத் தெரியும். திருப்பினாள். போல்ட் இளகிக் கொடுத்தது.

"இருபத்திரெண்டு ஒசத்தியும் இல்ல, பத்தொன்பது மட்டமும் இல்லம்மா. எதுக்கு எது பொருந்துதோ அதான். உன் கண்ணை அளந்தாங்கோ, பத்தொன்பது பவர் பொருந்துதுன்னாங்கோ. ரெண்டு லென்ஸும் ஒரே கம்பெனிதான், நானே கேட்டுகினேன்."

ஜெகதாம்பாள் ஸ்பேனரைத் திருப்பித் தராமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தாள். மூளைக்குப் புரிந்துவிட்டது. வயிற்றெரிச்சலுக்குப் புரிய வேண்டுமே. அது வேறு கணக்கு. இருந்தாலும் பிள்ளை தன் கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் வந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்ற நினைப்பு வந்து கொஞ்சம் தணிந்தது. "சரி, ஆட்டோ கூப்புடு" என்றாள்.

இந்த இடத்தில் ஒரு சின்ன விஷயத்தைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெண்கள் வார்டு, கூடத் தங்க ஒரு பெண் வேண்டும். வரலட்சுமியால் முடியாது. சுசீலாதான் போக வேண்டும் என்று இரண்டு நாளாகவே பேச்சு. ஆனால் பை கட்டும் நேரத்தில் சுசீலா, பக்கத்துத் தெருப் பொன்னியம்மாவைக் கூப்பிட்டால் என்ன என்றாள். தனக்கு இடுப்பு வலி என்றாள். ஆஸ்பத்திரி வாடை ஒத்துக்கொள்ளாது என்றாள். அதே ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாதித் தெருவைக் கூட்டியவள் சொல்கிற பேச்சா இது? இராமகிருஷ்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "ஏறு சின்னம்மா, நேரமாவுது" என்றான்.

ஆட்டோவில் பின் சீட்டில் ஜெகதாம்பாளும் சுசீலாவும், டிரைவர் பக்கத்தில் அரை சீட்டில் இராமகிருஷ்ணன். திருவேற்காடு தாண்டும்போது மூவரும் கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சுசீலாவுக்குக் கண் குணமானால் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக இராமகிருஷ்ணன் வேண்டிக்கொண்டு, போன வெள்ளிக்கிழமைதான் அதைச் சாத்திவிட்டு வந்திருந்தான். தனக்கும் வேண்டிக்கொண்டானா என்று கேட்க ஜெகதாம்பாளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவன் வேண்டிக்கொண்டிருந்தான் என்பது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. வழி முழுக்க சுசீலா ஒரு வார்த்தை பேசவில்லை. கடைப் பலகைகளைப் படித்துக் காட்டவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் டாக்டரம்மாவின் அறை. வஹீதுன்னிசா பூந்தமல்லிக்காரர், தோல் மண்டி வைத்திருந்தவரின் மகள். சிடுசிடுப்பு இல்லை, ஆனால் சுற்றி வளைத்தும் பேச மாட்டார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார். இருமல் நின்றுவிட்டதா, சர்க்கரை இல்லையே என்று கேட்டார். ஜெகதாம்பாள், கண்மேல் வளர்ந்த தோலை உரித்துவிட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டாள்.

அது தோல் இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கண்ணுக்குள்ளே பிறக்கும்போதே ஒரு லென்ஸ் இருக்கிறது, கண்ணாடி மாதிரித் தெளிவாக. வயதானால் அது கலங்கி வெண்மையாகிறது. அதற்குச் சொட்டு மருந்து கிடையாது, இலைச்சாறு கிடையாது, அதைக் கரைக்க எந்த மருந்தாலும் ஆகாது. கலங்கினதை எடுத்துவிட்டு வேறு வைப்பது ஒன்றுதான் வழி. முற்றினால்தான் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் பழைய கதை. முற்றவிட்டால்தான் தொல்லை.

"எனுக்கு எப்பிடி டாக்டரம்மா முத்தும்? ரெண்டு வருசத்துக்கு முந்தி எங்கண்ணு நல்லாத்தானே இருந்துது? கண்ணாடி போடாமலே ஊசில நூலு கோத்தேன். அவளால முடியாது" என்றாள் ஜெகதாம்பாள், அவள் என்பதைக் கொஞ்சம் அழுத்தி.

உண்மைதான். ஒரு தீபாவளி சமயம் திடீரென்று கிட்டத்தில் இருப்பதெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது. கண்ணாடியைத் தூக்கிப் பெட்டியில் போட்டாள். ஒரு மாதம் அதைச் சொல்லிச் சொல்லி சுசீலாவை வறுத்தெடுத்தாள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதுதாம்மா புரை ஆரம்பிச்ச அடையாளம். லென்ஸ் தடிச்சா கொஞ்ச நாள் கிட்டப் பார்வை நல்லா வந்த மாதிரி இருக்கும். நிறைய பேர் ஏமாந்துபோவாங்க. அப்பவே வந்திருக்கணும் நீங்க."

தன்னிடம் இருந்த ஒரே பெருமையும் நோயின் பெருமைதான் என்று தெரிந்தபோது ஜெகதாம்பாளுக்கு முகம் சிறுத்துப்போனது. சுசீலா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரித்திருப்பாளோ என்று ஜெகதாம்பாள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். சிரிப்புச் சத்தம் இல்லை.

"அந்தப் பத்தொன்பது எனுக்குன்னே உள்ளதா?" என்று கேட்டாள்.

"உங்க கண்ணுக்கு மட்டும்தான்."

"இவளுக்கு வெச்சா?"

"இவங்களுக்கு மங்கலாத்தான் தெரியும்."

ஜெகதாம்பாளின் முகம் கொஞ்சம் மலர்ந்தது. சுசீலாவுக்கு உதவாத ஒன்று இந்த உலகத்தில் தனக்கென்று இருக்கிறது. ஆபரேஷன் டேபிளில் ஏற இவ்வளவு தெம்பு போதும்.

மாடியில் வார்டு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். பின்னால் சுசீலா வந்தாள், அவளுக்கும் பின்னால் பையோடு இராமகிருஷ்ணன். வாசலில் நர்ஸ் தாயம்மா நின்றிருந்தாள். நல்ல வாய், நல்ல மனசு, நல்ல ஞாபகசக்தி. மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் சில சமயம் ஆபத்து.

"வாங்க வாங்க, ராமகிருஷ்ணன் அம்மா. கண்ணு எப்படி கீது?" என்றாள் தாயம்மா.

ஜெகதாம்பாள், தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து வாயைத் திறந்தாள். ஆனால் குரல் அவளைத் தாண்டிப் போய்விட்டது. தாயம்மா சுசீலாவின் தோளைத் தொட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வெயிலில் போகிறீர்களா, சொட்டு மருந்தை நிறுத்தியாயிற்றா என்றெல்லாம் விசாரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை எவ்வளவு தங்கமாகப் பார்த்துக்கொண்டான் என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள். அப்புறம்தான் ஜெகதாம்பாள் பக்கம் திரும்பினாள்.

"இவங்க யாரு? ஒங்க அக்காவா?"

ஜெகதாம்பாளுக்கு முகங்கள் தெரியவில்லை, ஆனால் பின்னால் இராமகிருஷ்ணனின் செருப்பு ஒருமுறை தரையில் தேய்ந்த சத்தம் கேட்டது. அவன் சின்னப் பிள்ளையில் திருட்டுத்தனம் பண்ணிவிட்டு நிற்கும்போதும் அப்படித்தான் காலைத் தேய்ப்பான். ஆக அவனுக்கும் தெரியும்.

நெஞ்சு எரிந்தது என்று சும்மா சொல்கிறோமே, அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே எரிந்தது. தேதியை எடுத்துக்கொண்டாள், போகட்டும். கண்மலரை எடுத்துக்கொண்டாள், போகட்டும். பெயரையும் எடுத்துக்கொண்டாளா? இங்கேயே இரண்டு கன்னத்திலும் அறையலாம். நான்தான் பெற்றவள் என்று இந்த வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தலாம். கத்தினால் அடுத்த நிமிஷமே சுசீலா இந்தப் படிகளில் தலைகுனிந்து இறங்கிப் போக வேண்டியதுதான்.

"ஆமாம்மா. நான் அவனுக்குப் பெரியம்மா. புள்ள இவளோடதுதான்" என்றாள் ஜெகதாம்பாள், நிதானமாக.

விட்டுக்கொடுத்தாள் என்று யாராவது நினைத்தால், உங்களுக்கு ஜெகதாம்பாளைத் தெரியாது. அது கத்தி. வார்த்தை இரண்டு பேர் மீதும் சரியாக இறங்கியதை அவள் கேட்டாள். இராமகிருஷ்ணன் "அம்மா" என்று ஆரம்பித்தான். அவள் அவன் பக்கம் திரும்பாமல், எந்தக் கட்டில் என்று நர்ஸிடம் கேட்டுப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மத்தியானம் அவள் முறை வந்தது. கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி. அது வலித்தது, பொய் சொல்வானேன். அப்புறம் அந்தப் பக்கம் முகமே தன்னுடையது இல்லை என்பது போல மரத்துப்போனது. முகத்தை மூடிப் பச்சைத் துணி, அதில் ஒரு ஓட்டை, மேலே வெளிச்சம். ஆடாமல் அசையாமல் படுத்திருக்க வேண்டும், இருமல் வந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும் என்றார் டாக்டரம்மா. வலியில்லை. யாரோ கண்ணை அங்கே இங்கே நகர்த்துவது போல மட்டும் இருந்தது. ஒரு கட்டத்தில் டாக்டரம்மா, "பத்தொன்பது கொடு" என்றார். ஜெகதாம்பாள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அது உள்ளே போய்ப் பொருந்தும்போது அடிபம்பின் போல்ட் மாதிரி கப்பென்று தெரியும் என்று நினைத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. முடிந்துவிட்டது என்றார்கள்.

கட்டிலுக்கு வந்தபோது வலது கண்ணில் கட்டு. இடது கண்ணிலும் புரை, அதில் ஆட்கள் நிழலாகத்தான் வந்து போனார்கள். குனியக் கூடாது, அழுத்தக் கூடாது, அந்தப் பக்கம் ஒருக்களிக்கக் கூடாது, கண்ணைக் கசக்கவே கூடாது என்று தாயம்மா ஒப்பித்துவிட்டுப் போனாள். இராமகிருஷ்ணன் வந்து கால்மாட்டில் நின்றான். "போய்ட்டுக் காலீல வா" என்று மட்டும் அவனிடம் சொன்னாள். அவன் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனான்.

சாயங்காலம் யாரோ இட்லியைப் பிட்டு, தண்ணீர் சட்டினியில் தோய்த்து, அவள் வாயருகே கொண்டுவந்தார்கள். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. இத்தனை சின்னதாக விண்டு ஊட்டுவது, முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு குழந்தைக்கு ஊட்டிப் பழகின கை. அந்தக் குழந்தை தன்னுடையது. வேண்டாம் என்று தலையைத் திருப்பியிருப்பாள். தையலுக்கு ஆகாது என்று விட்டாள்.

"அக்கா" என்றாள் சுசீலா.

ஜெகதாம்பாள் மென்றுகொண்டிருந்தாள்.

"நீ இருமினதும் நான்தான் அவங்கிட்ட கேட்டேன், அந்தத் தேதிய எனுக்குக் குடுடான்னு. கண்ணுக்காவ இல்ல. எனுக்கு அப்ப இம்மாம் மோசமாவும் இல்ல. அவன் என்னை ஆட்டோல இட்டுகினு போவணும், கூட நின்னு பேரு எழுதணும், நாலு பேரு பாக்கணும். உன்ன இட்டுகினு போற மாதிரி."

தட்டை ஸ்டூலின் மேல் வைக்கும் சத்தம் கேட்டது.

"இங்க வந்ததும் அந்த நர்சு ராமகிருஷ்ணன் அம்மான்னு கூப்டுச்சு. இல்லம்மா, நான் சின்னம்மான்னு சொல்ல வாயத் தொறந்தேன் அக்கா. சொல்ல வரல. ஆஸ்பத்திரில இருந்த வரைக்கும் அப்டித்தான் கூப்ட்டாங்கோ. கேக்கக் கேக்க நல்லாருந்துது. அவன் காதுலயும் ஒருவாட்டி வுழுந்துது. தலையக் குனிஞ்சிகினான். எனக்காவத்தான் சும்மா இருந்தான். அவனை ஒன்னும் சொல்லாத."

வார்டில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்டதும் ஜெகதாம்பாளுக்கு முதலில் வந்தது சந்தோஷம் என்று சொன்னால் நீங்கள் அவளைத் தப்பாக நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். சந்தோஷம்தான் வந்தது. இத்தனை வருஷம் தான்தான் ஜன்னலுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாள். இவளும் நின்றிருக்கிறாளே. தன்னிடம் இருக்கும் ஒன்றைப் பார்த்து இவளும் வயிறெரிந்திருக்கிறாளே.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிற்கவில்லை. அதன் பின்னாலேயே வலி வந்தது. எரிந்தாள் சரி, எரிந்துவிட்டு எடுத்துக்கொண்டாளே. நான் எரிந்தேன், ஒருநாளாவது உன்னுடையதில் கை வைத்தேனா?

கட்டுக்கு அடியில் கண் நனைந்தது. சுசீலாவுக்குத்தான் இப்போது எல்லாம் தெரிகிறதே, அது தெரிந்துவிட்டது. "அழாதக்கா, கண்ணுக்கு ஆவாது" என்று பதறினாள்.

ஜெகதாம்பாள் கையை நீட்டிக் காற்றில் தேடினாள். சுசீலாவின் மணிக்கட்டு கிடைத்தது. இறுக்கிப் பிடித்தாள்.

"கண்ணு தெரியாதவகிட்ட சொல்றது சுளுவுடி சுசீலா. நாளைக்குக் கட்டு பிரிப்பாங்கோ. அப்ப எனக்கு எதுர்ல இந்த ஸ்டூல்லியே குந்திகினு, எம் மூஞ்சியப் பாத்து, இப்ப சொன்னதைத் திரும்பச் சொல்லு. நீ சொல்றப்ப உம் மூஞ்சி எப்டி கீதுன்னு நான் பாக்கணும். பாத்துட்டு அப்புறம் சொல்றேன், உன்ன இன்னா பண்றதுன்னு."

பிடியை விட்டதும் சுசீலா தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழே பாய் விரிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஜெகதாம்பாள் தூங்கிப்போனாள்.

காலையில் டாக்டரம்மா வந்தார். பக்கத்தில் டிரேயோடு தாயம்மா. பஞ்சை நனைத்து, பிளாஸ்திரியை மெதுவாக உரித்து, கட்டை எடுத்தார்கள். இமையைத் துடைத்தார்கள். அவசரமில்லை, மெல்லத் திறங்க என்றார் டாக்டரம்மா.

ஜெகதாம்பாள் திறந்தாள். முதலில் வெளிச்சம் குத்தியது, நீர் கட்டியது. சுவர் வந்தது, அத்தனை வெள்ளையாக ஒரு சுவரை அவள் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன. ஜன்னல் கம்பி ஒவ்வொன்றாகப் பிரிந்து நின்றது. ஒவ்வொன்றையும் தாண்டிக்கொண்டு, தான் தேடுகிற இடத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனாள்.

கட்டிலுக்கு எதிரே ஸ்டூல் இருந்தது. நீலப் பெயிண்ட், ஒரு காலில் மட்டும் உரிந்திருந்தது. அதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அதன் மேல் யாரும் இல்லை. கட்டிலுக்குக் கீழே பாய் சுருட்டி வைத்திருந்தது, பக்கத்தில் இருந்த சுசீலாவின் பையைக் காணோம்.

"நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"தெரியுது" என்றாள் ஜெகதாம்பாள், ஸ்டூலைப் பார்த்துக்கொண்டே.